அப்பாவின் கடிகாரமும் என் பச்சைப் புள்ளியும்

என் அப்பாவின் கைக்கடிகாரத்தை மவுசுக்கு அடியில் வைத்து, வேலை செய்யாத நேரத்திலும் வேலை செய்வதாக என் அலுவலகத்தை நம்ப வைத்தேன். 2021 நவம்பரில் தொடங்கி 2022 ஏப்ரல் வரை, ஏறக்குறைய ஆறு மாதம் இதைச் செய்தேன். யாரும் என்னைக் கண்டுபிடிக்கவில்லை. இன்று வரை யாரும் கேட்கவும் இல்லை. யாரும் கேட்காததால்தான் நானாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்கு டீம்ஸ் செயலியில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளியைத் தெரியும். கீபோர்டையோ மவுசையோ ஐந்து நிமிடம் தொடாமல் இருந்தால் அது மஞ்சளாகிவிடும். ஆள் இடத்தில் இல்லை என்று அர்த்தம். மவுசின் வயிற்றில் ஒரு சிறிய விளக்கும் ஒரு சிறிய கேமராவும் இருக்கின்றன. தனக்குக் கீழே இருக்கும் பரப்பை அது ஓயாமல் படம் பிடித்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத் தான் நகர்ந்ததாகக் கணக்குப் போடும். கீழே ஒரு கடிகாரத்தின் நொடி முள் சுற்றிக்கொண்டிருந்தால் அதற்குத் தான் நகர்வதாகவே தோன்றும். திரையில் அம்புக்குறி லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். புள்ளி பச்சையாகவே நிற்கும். இரண்டு பக்கமும் இரண்டு பழைய டைரிகளை வைத்து, நடுவில் கடிகாரத்தைப் படுக்கப்போட்டு, மேலே மவுசைப் பாலம்போல் வைப்பேன். அப்புறம் கட்டிலில் படுத்துக்கொண்டு போனைப் பார்ப்பேன்.

அந்தக் கடிகாரம் ஹெச்எம்டி ஜனதா. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம் அது. 2016-இல் அரசு அந்தக் கடிகாரப் பிரிவை மூட முடிவெடுத்தபோது, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அப்பா வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். 1972-இல் முதல் ஊக்கத்தொகை கைக்கு வந்தபோது வாங்கிய கடிகாரம். பேட்டரி கிடையாது. தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். பல் துலக்கி முகம் கழுவியதும், துண்டில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, காதருகே வைத்து, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் நிதானமாகத் திருகுவார். எங்கள் வீட்டில் பொழுது விடிந்ததன் அடையாளம் அந்த நறநறச் சத்தம்தான்.

அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்தார். நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் பொன்மலைக்கு மாறி வந்த பணிமனை அது. சங்கு ஊதினால் ஊரே நேரம் பார்த்துக்கொள்ளும். அங்கே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஜாப் கார்டு உண்டு. இந்த வேலையை முடிக்க இத்தனை மணி நேரம் என்று முன்கூட்டியே அதில் எழுதியிருக்கும். அதற்கு 'அலவுட் டைம்' என்று பெயர். தொழிலாளி உண்மையில் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பக்கத்தில் பதிவார்கள். மிச்சப்பட்ட நேரத்துக்கு ஊக்கத்தொகை. சித்தரஞ்சன் முறை என்று சொல்வார்கள். "ஒரு மணி நேரத்தைக்கூட மாத்தி எழுதினதில்லப்பா" என்று அப்பா அடிக்கடி சொல்வார். அதில் பெருமை பேசும் தொனி இருக்காது. உப்புப் போட்டுச் சாப்பிடுகிறோம் என்பதுபோல் சாதாரணமாகச் சொல்வார். அந்த வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

அம்மா இறந்த பிறகு பொன்மலையில் தனியாக இருந்தவரை, கொரோனா இரண்டாம் அலை அடங்கியதும் மேடவாக்கத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவருக்கு அப்போது 76 வயது. கண்ணில் பிரஷர், க்ளகோமா என்று திருச்சியிலேயே கண்டுபிடித்திருந்தார்கள். கடிகாரத்தின் முள் சரியாகத் தெரியவில்லை, விரல் நடுக்கத்தில் சாவியும் திருக முடியவில்லை என்று ஒருநாள் அதைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "நீ போட்டுக்கப்பா. சாவி கொடுக்க மட்டும் மறந்துடாத" என்றார். நான் மறக்கவே இல்லை. தினமும் அவர் பக்கத்தில் நின்று சாவி கொடுத்தேன். அந்தச் சத்தம் கேட்டு அவர் முகம் மலரும். மகன் பொருளைக் காப்பாற்றுகிறான் என்று நினைத்திருப்பார். அது எதற்காக ஓட வேண்டியிருந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எப்படி இந்த இடத்துக்கு வந்தேன் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்தபோது லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதுவரை மேடவாக்கத்திலிருந்து பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போய்வர ஒரு நாளில் இரண்டு மணி நேரம் போய்விடும். அந்த இரண்டு மணி நேரம் கையில் வந்ததும் மனதுக்குள் பெரிய பட்டியல் போட்டேன். காலையில் நடப்பேன், மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன், புதிதாக ஏதாவது படிப்பேன் என்று. ஒரு மாதம்கூட அது நிலைக்கவில்லை. முதலில் எழுந்திருக்கும் நேரம் தள்ளிப்போனது. பிறகு குளிக்கும் நேரம். பிறகு சாப்பாடு மேசைக்கே வந்தது. மிச்சமான இரண்டு மணி நேரம் எங்கே போனது என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. போனது மட்டும் தெரியும்.

எங்கள் வீட்டில் கதவு சாத்திக்கொள்ளும்படி ஒரே ஒரு அறைதான் தனியாக இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன். என் மனைவி பள்ளி ஆசிரியை. அவளுக்கும் ஆன்லைன் வகுப்பு இருந்தது. சமையலறை மேடையில் சர்க்கரை டப்பாவின்மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் குக்கர் விசில் வராமல் பார்த்துக்கொண்டே ஆறாம் வகுப்புக்குப் பாடம் நடத்தினாள். எனக்கு அறை வேண்டுமா, உங்களுக்கு வேண்டுமா என்ற பேச்சே எங்களுக்குள் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பிறகு படித்தேன். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம் என்கிறது அது. வீட்டிலேயே இருந்த அந்த நாட்களில் என் கணக்கு 97-ஐக்கூட எட்டியிருக்காது. மூடிய கதவுக்குப் பின்னால் நான் வேலை செய்துகொண்டிருந்தால்கூட அதில் ஒரு நியாயம் இருந்திருக்கும்.

ஏன் செய்யவில்லை? சோம்பேறித்தனம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது முழு உண்மை ஆகாது. பதினைந்து வருடம் மென்பொருளைக் கையால் சோதித்துப் பார்க்கும் மேனுவல் டெஸ்டிங் வேலையில் இருந்தவன் நான். அதில் எனக்கு நல்ல பெயர். 2021-இல் என்னை டீம் லீடாக உயர்த்தினார்கள். அதே சமயம் புராஜெக்ட் முழுக்க ஆட்டோமேஷனுக்கு மாறியது. பைத்தான், செலினியம் என்று எனக்குக் கீழே இருந்த பிள்ளைகள் எழுதித் தள்ளினார்கள். அவர்கள் எழுதிய நிரலை நான் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும். அதைப் படித்தால் எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அலுவலகத்தில் இருந்திருந்தால் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்து மேசைக்குப் போய், "இது என்னடா, கொஞ்சம் சொல்லேன்" என்று கேட்டிருப்பேன். ஒரு டீக்குள் முடிந்துபோகும் விஷயம். வீட்டில் அதே கேள்வியை சாட்டில் டைப் செய்ய வேண்டும். டைப் செய்தால் அது எழுத்தாக நிற்கும். டீம் லீடுக்கு இதுகூடத் தெரியாதா என்பதற்கு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுபோல் ஆகிவிடும் என்று பயந்தேன். கேள்வியைப் பாதி டைப் செய்வேன், அழித்துவிடுவேன். பிறகு இன்னொரு டீ குடிக்கப் போவேன். திரும்பி வந்ததும் அந்த வேலையைத் திறக்காமல், பதில் போட எளிதான மெயில்களுக்குப் பதில் போடுவேன். நாள் முழுக்க ஓடியதுபோல் களைப்பாக இருக்கும். ஓடவேண்டிய இடத்துக்கு ஓர் அடிகூட வைத்திருக்க மாட்டேன்.

இதற்கு மருந்து தேடி, நேர மேலாண்மையைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் இறுதியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றை வைத்துக் கண்டுபிடித்த பொமோடோரோ முறையைத் தெரிந்துகொண்டேன். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. அவசரமானது, முக்கியமானது என்று நான்கு கட்டம் போட்டுப் பிரிக்கும் முறையையும் கற்றேன். நாலு கலர் பேனா வாங்கினேன். இரண்டு செயலிகளை இறக்கினேன். ஒரு சனிக்கிழமை முழுவதும் அடுத்த வாரத்துக்கு அட்டவணை போட்டேன். அந்த முறைகளில் எந்தக் குறையும் இல்லை. பலருக்கு அவை நன்றாகவே பயன்படுகின்றன. நான் அவற்றை வைத்துச் செய்தது வேறு. வேலையைப் பற்றிப் படிப்பதும் வேலைக்கு அட்டவணை போடுவதும், அந்த ஒரு வேலையைத் திறக்காமல் இருக்க எனக்குக் கிடைத்த மரியாதையான வழிகள்.

தள்ளிப்போடுவதைப் பற்றி ஆராய்ந்த ஃபியூஷியா சிருவா, திமோத்தி பிச்சில் இருவரும் 2013-இல் எழுதிய கட்டுரையின் சாரம் எனக்கு மிகவும் பின்னால்தான் தெரியவந்தது. மனிதர்கள் வேலையைத் தள்ளிப்போடுவதற்கு நேரத்தைக் கையாளத் தெரியாதது பெரிய காரணம் இல்லை, அந்த வேலை கிளப்பும் கசப்பான உணர்விலிருந்து அப்போதைக்குத் தப்பித்துக்கொள்வதற்காகத்தான் தள்ளிப்போடுகிறார்கள் என்கிறார்கள். படித்தபோது என்னை நேரில் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. நேரம் எனக்கு நிறைய இருந்தது. நான் நேரத்துக்கு அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். பயத்துக்கு எதுவும் செய்யவில்லை.

அந்தப் பயத்தின் விலையை முதலில் கொடுத்தது என் டீமில் இருந்த ஒரு பெண். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கெட்டிக்காரி. சொன்ன நாளில் வேலையை முடித்து என் பார்வைக்கு அனுப்பிவிடுவாள். அது என்னிடம் மூன்று நாள், நான்கு நாள் கிடக்கும். "அண்ணா, ரிவ்யூ பாத்துட்டீங்களா?" என்று காலையில் கேட்பாள். மதியம் கேட்பாள். "வீட்டுல கொஞ்சம் பிராப்ளம்மா, அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, ராத்திரி பாத்துடறேன்" என்பேன். இரவு பதினொரு மணிக்குமேல், இனித் தப்பிக்க முடியாது என்ற நிலையில், புரிந்தும் புரியாமலும் நாலு கேள்வி எழுதி அனுப்புவேன். அவள் விழித்திருந்து திருத்துவாள். காலை மீட்டிங்கில் ஏன் தாமதம் என்று மேனேஜர் கேட்டால் அவள் பெயரில்தான் அந்த வேலை நிற்கும். நான் வாய் திறந்து, தாமதம் என்னிடம்தான் என்று ஒருநாள்கூடச் சொல்லவில்லை. 2022 பிப்ரவரியில் அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று அலுவலகத்தில் சொன்ன அதே நாட்களில், அப்பாவிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் தெரியுமா? "மீட்டிங்ல இருக்கேன்ப்பா." இதுதான் என் குற்றத்தின் முழு வடிவம். வீட்டுக்கு அலுவலகத்தைக் காட்டினேன். அலுவலகத்துக்கு வீட்டைக் காட்டினேன். நான் எங்கே இருக்கிறேன் என்று இரண்டு பக்கமும் சரிபார்க்க வழி இல்லை. இரண்டு பக்கமும் என்னை நம்பின. என் மனைவி சொந்தக்காரர்களிடம், "பாவம், அவருக்கு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் வேலை" என்று சொல்வாள். பக்கத்து அறையிலிருந்து அதைக் கேட்பேன். அந்தப் 'பாவம்' என்ற சொல்லை என் கூலியாக வாங்கிக்கொண்டேன்.

2021 நவம்பர் 1-ஆம் தேதி ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் திறந்தன. என் மனைவி ஏழேகாலுக்குக் கிளம்பிவிட வேண்டும். அதுவரை அப்பாவுக்குக் கண் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தவள் அவள்தான். அவரே விட்டுக்கொண்டால் கை நடுங்கி, மருந்து கன்னத்தில் வழிந்துவிடும். "நான் வீட்லதானே இருக்கேன், நான் பாத்துக்கறேன்" என்று நான் பொறுப்பேற்றேன். ஒரு மருந்து காலை எட்டு, இரவு எட்டு, சரியாகப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில். இன்னொன்று இரவில் மட்டும். இரவில் இரண்டும் விட வேண்டியிருப்பதால், முதல் மருந்து விட்டு ஐந்து நிமிடம் கழித்துத்தான் அடுத்தது. இல்லாவிட்டால் இரண்டாவது மருந்து முதலாவதைக் கழுவிவிடும். மொத்தத்தில் ஒரு நாளைக்குப் பத்து நிமிட வேலை.

அந்தப் பத்து நிமிடத்தை என்னால் கொடுக்க முடியவில்லை. எட்டு மணிக்கு நான் எழுந்தே இருக்க மாட்டேன். ஒன்பதரை மீட்டிங்குக்கு ஐந்து நிமிடம் முன்னால் எழுந்து நேராக லேப்டாப் முன் உட்காருவேன். "மருந்துப்பா" என்று கதவுக்கு வெளியே அப்பாவின் குரல் கேட்கும். "மீட்டிங் முடிச்சிட்டு வந்துடறேன்ப்பா" என்பேன். மீட்டிங் முடியும். போன் கைக்கு வரும். பதினொன்று ஆகும். இவ்வளவு நேரமாகிவிட்டது, இனி இரவு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். இரவில், பகலில் செய்யாத வேலையின் பாரம் நெஞ்சில் ஏறியிருக்கும். அந்த நேரத்தில் அப்பா மறுபடி கேட்க மாட்டார். என் அறையில் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, பிள்ளை வேலையில் இருக்கிறான் என்று படுத்துவிடுவார்.

ஒருநாள் மாலை. என் மனைவி பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: "காலையில மருந்து விட்டாச்சா மாமா?" நான் அறைக்குள் இருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. அன்று விடவில்லை. முந்தின நாளும் விடவில்லை. என்ன சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அப்பாவின் குரல் வந்தது. "விட்டாச்சும்மா. எட்டு மணிக்கே விட்டுட்டான்." ஜாப் கார்டில் ஒரு மணி நேரத்தை மாற்றி எழுதாத மனிதர். எனக்காக ஒரு வேளையை மாற்றிச் சொன்னார். அந்தக் குரலில் தயக்கமே இல்லை. இதற்கு முன்பும் பல தடவை சொல்லியிருக்கிறார் என்று அந்தத் தயக்கமின்மையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதாவது எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

பொய்யைக் கடைசியில் காட்டிக்கொடுத்தது மருந்து பாட்டில். ஐந்து மில்லி பாட்டில். இரண்டு கண்ணுக்கும் இரண்டு வேளை விட்டால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். திறந்து ஒரு மாதத்துக்குமேல் வைத்துக்கொள்ளவும் கூடாது. 2022 ஏப்ரலில் பிரிட்ஜ் கதவைத் துடைத்துக்கொண்டிருந்த என் மனைவி, அதை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஜனவரியில் அவளே வாங்கி வந்த பாட்டில். பாதிக்குமேல் இருந்தது. அவள் சத்தம் போடவில்லை. பாட்டிலை என் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். வலது பக்கம் மவுசு, அதன் கீழே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இடது பக்கம் தீராத மருந்து.

அந்த வாரமே கண் டாக்டரிடம் போனோம். பிரஷர் ஏறியிருந்தது. பார்வையின் பரப்பை அளக்கும் பீல்டு டெஸ்ட் தாளில், பக்கவாட்டில் கறுப்பு முன்பைவிட உள்ளே வந்திருந்தது. இந்த நோயில் போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து என்று டாக்டர் விளக்கினார். "மருந்து ஒழுங்கா விட்டீங்களா?" என்று கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குமுன் நான், "இல்ல டாக்டர். நான்தான் விடல" என்றேன். பார்வை குறைந்ததற்கு அதுதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. அந்த ஆறுதலை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்கு இடது கைப் பக்கம் தம்ளரை வைத்தேன். சொம்பைச் சரித்து மேசைமேல் தண்ணீரை ஊற்றினார். சத்தம் மாறியதை வைத்துத்தான் தெரிந்துகொண்டு நிறுத்தினார். "பரவால்லப்பா" என்று துடைக்கத் துணியைத் தேடினார்.

அன்று இரவு என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து, ரிவ்யூ, கடிகாரம், எல்லாம். அவள் அழவில்லை. "அந்த ரூமையாவது எனக்குக் குடுத்திருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாள். அதைவிடக் கடுமையாக யாரும் என்னைக் கேட்டதில்லை. மறுவாரம் மேனேஜரிடம், எனக்கு ஆட்டோமேஷன் தெரியாது, ரிவ்யூ எல்லாம் என்னால்தான் தாமதமானது என்றேன். மூன்று மாதம் அந்தப் பொறுப்பை இன்னொருவருக்குக் கொடுத்து, எனக்குக் கற்றுக்கொள்ள நேரம் தந்தார். பச்சைப் புள்ளியைப் பற்றி அவரிடம் அன்று சொல்லவில்லை. அந்தத் துணிச்சல் வரவில்லை. இந்தக் கட்டுரையின் பிரதி அவருக்கும் போகிறது. வேலையை விட்டுப் போன பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. அவள் பதில் சொல்லக் கடமைப்பட்டவள் இல்லை.

இப்போது என் மேசை ஹாலில், அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அறை மனைவியுடையது. திரையை வீடே பார்க்கலாம். அப்பாவிடம் கேட்டு, நாற்பது பக்க நோட்டில் ஜாப் கார்டுபோல் கோடு போட்டேன். வேலை, இதற்கு இவ்வளவு நேரம் என்று நான் நினைப்பது, தொடங்கியது, முடித்தது. முதல் வாரத்தில் ரிவ்யூவுக்கு இரண்டு மணி நேரம் என்று எழுதினேன். ஐந்தே கால் ஆனது. மெயிலுக்கு அரை மணி என்று எழுதினேன். ஒன்றரை ஆனது. மனிதர்கள் தங்கள் வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதை டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதியிருக்கிறார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று கணித்து, 55 நாளுக்குமேல் எடுத்துக்கொண்டார்கள். என் நோட்டும் அதையேதான் சொன்னது. மனக்கணக்கில் என்னை நானே ஏமாற்றிக்கொள்ளலாம். தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் எழுதிவிட்டால் முடிவதில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்வதே தவறு என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். சீனாவின் ஷாங்காயில் ஒரு பயண நிறுவனத்தின் கால் சென்டர் ஊழியர்களை ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை செய்ய வைத்து, நிக்கோலஸ் ப்ளூமும் உடன் பணியாற்றியவர்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், வேலைத்திறன் 13 சதவீதம் கூடியிருந்தது. அவர்களுக்குத் தனி அறை இருந்தது. எடுத்த அழைப்பு எத்தனை என்று எண்ணிக்கை இருந்தது. அப்பாவுக்கு ஜாப் கார்டு இருந்ததுபோல. என் வேலைக்கு ஒரு புள்ளியின் நிறம்தான் அளவு என்று நானே வைத்துக்கொண்டேன். என்னைப்போல் தனியறையில் உட்கார்ந்து தவித்துக்கொண்டிருக்கும் யாராவது இதைப் படித்தால் ஒன்றே ஒன்று சொல்வேன். அட்டவணை போடுவதற்கு முன்னால், எந்த வேலையைத் திறக்கப் பயமாக இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தப் பயத்தை இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் சொல்லாமல் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் வேறு யாரோ விலை கொடுத்தார்கள்.

காலை எட்டு மணிக்கு மருந்து விட்ட பிறகுதான் என் லேப்டாப் திறக்கிறது. மாலை ஆறரைக்கு மூடிப் பையில் வைத்துவிடுகிறேன். இரவு எட்டு மணிக்கு முதல் மருந்தை விட்டு, அப்பாவின் கண்களின் உள்மூலையை விரலால் மெல்ல அழுத்திவிட்டு, கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். நொடி முள் ஐந்து சுற்று வர வேண்டும். பச்சைப் புள்ளி மஞ்சளாகாமல் இருப்பதற்காக நான் ஏமாற்றிய அதே ஐந்து நிமிடம். அவர் கண்ணை மூடியபடி பொன்மலைக் கதை ஏதாவது சொல்வார். சில நாள் பேசாமல் இருப்பார். ஐந்து நிமிடம் இவ்வளவு நீளம் என்று எனக்கு முன்பு தெரியாது.

மருந்து விடாததை அப்பா அறிவார். மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை. கடிகாரத்தை என்ன செய்தேன் என்பது மட்டும் இன்னும் அவருக்குத் தெரியாது. அவரால் இப்போது அச்செழுத்தைப் படிக்க முடியாது. நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். இன்றிரவு முதல் மருந்துக்கும் இரண்டாவது மருந்துக்கும் நடுவில் இதை வாசிக்கத் தொடங்கப்போகிறேன். ஐந்து நிமிடத்தில் முடியாது. நாலைந்து இரவு ஆகும். எனக்கு என்னைத் தெரியும். கடினமானதைப் பின்னால் வைத்தால், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுவிடுவேன். அதனால்தான் கடிகாரத்தை முதல் வரியில் எழுதினேன்.